வீட்டுப் பிளாஸ்டிக்கை யாரிடம் கொடுப்பது? கார்ப்பரேஷன் வண்டி, காயலான் கடை, தனியார் சேகரிப்பு: ஓர் ஒப்பீடு

வட சென்னையில், ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ, வீட்டுக் குப்பையைப் பிரித்து வைக்கத் தொடங்கும் எவருக்கும் சீக்கிரமே ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. பிரித்து வைத்த பிளாஸ்டிக்கை யாரிடம் கொடுப்பது? காலையில் வரும் கார்ப்பரேஷன் பேட்டரி வண்டியிலா, தெருமுனைக் காயலான் கடையிலா, போன் செய்தால் வந்து எடுத்துப்போகும் தனியார் சேகரிப்பாளரிடமா? "எங்கே கொடுத்தாலும் கடைசியில் கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குத்தானே போகிறது" என்று சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சலிப்பில் ஓரளவு நியாயம் உண்டு. முழு நியாயம் இல்லை.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பிளாஸ்டிக்கையும் அங்கேயே கொடுக்க முடியாது. கையில் இருப்பது எந்த வகை என்று பார்த்துத்தான் இடத்தை முடிவு செய்ய வேண்டும். யாரும் காசு கொடுத்து வாங்காத வகைதான் பெரும்பாலும் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போய்ச் சேர்கிறது. அந்த வகைக்கு மூன்று இடத்திலும் நல்ல வழி கிடையாது. அதைத் தனியாக எடுத்துப் பேசினால்தான் இந்த ஒப்பீட்டுக்கே பயன்.

## நம் பகுதியில் இது ஏன் அவசரம்

வட சென்னையின் கழிவுநீரும் மழைநீரும் போகும் பாதையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய் இரண்டும் பக்கிங்காம் கால்வாயில் சேர்கின்றன. பக்கிங்காம் கால்வாய் வடக்கே எண்ணூர் முகத்துவாரம் வரை போகிறது. கொசஸ்தலை ஆறும் அங்கேதான் கடலில் கலக்கிறது. வெயில் காலம் முழுக்கக் கால்வாய்க் கரையில் சேரும் கவர்களை, வடகிழக்குப் பருவமழையின் ஒரே ஒரு பெரிய மழை இழுத்துக்கொண்டு போய்விடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது என்னவெல்லாம் மிதந்து வந்தது என்பதை அங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கடலில் விழுந்த பிளாஸ்டிக் எல்லாம் மிதப்பதில்லை. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் வகை கடல்நீரைவிட அடர்த்தியானது. மூடி கழன்று காற்று வெளியேறினால் அடியில் போய்விடும். கவர் செய்யும் பாலிஎத்திலீன் லேசானது, அதனால் முதலில் மிதக்கும். பாசியும் சிப்பியும் ஒட்டி எடை கூடியதும் அதுவும் இறங்கும். கரையில் கிடப்பதும் காசிமேட்டுப் பாறைக்கற்களுக்கு இடையில் சிக்கியிருப்பதும் ஒரு பகுதிதான். மிச்சத்தை வலை இழுப்பவர்கள்தான் பார்க்கிறார்கள். வெயிலும் அலையும் அதைத் துண்டு துண்டாக உடைக்கும், ஆனால் அது செரித்துப் போகாது.

உலக அளவிலும் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 1950 முதல் 2015 வரை உலகம் செய்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் குப்பையானது. குப்பையானதில் மறுசுழற்சி ஆனது 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12 சதவீதம். மீதி மண்ணிலும் நீரிலும் குப்பைமேட்டிலும் கிடக்கிறது.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். கொடுத்த பொருள் உண்மையிலேயே இன்னொரு பொருளாக மாறுமா? மாறாவிட்டால் கால்வாய்க்குப் போகாமல் எங்காவது அடைபட்டு நிற்குமா? அதில் கிடைக்கும் காசு யார் கைக்குப் போகிறது? நம் வீட்டில் அதற்கு எவ்வளவு இடம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் வேண்டும்?

நான்காவதை யாரும் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. ஹவுசிங் போர்டு வீட்டில், சமையலறையும் படுக்கையறையும் ஒன்றாக இருக்கும் இடத்தில், ஒரு மாதப் பிளாஸ்டிக்கைச் சேர்த்து வைக்கச் சொல்வது எளிது. செய்து பார்த்தால் எலி வரும், எறும்பு வரும்.

## காயலான் கடை

முதல் கேள்விக்கு மூன்றிலும் நல்ல பதில் தருவது இதுதான். கடைக்காரர் காசு கொடுத்து வாங்குகிறார். வாங்கியதை விற்றால்தான் அவருக்குப் பிழைப்பு. அதனால் அவர் கைக்குப் போன பொருள் பெரும்பாலும் குப்பைமேட்டுக்குப் போகாது. பெட் பாட்டில், ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன், உடைந்த வாளி, குடம், நாற்காலி எல்லாம் வகை பிரிந்து மொத்த வியாபாரிக்குப் போகும். அங்கிருந்து பட்டறைக்குப் போய், துண்டாகி, கழுவி, உருகிக் குருணையாகும். பெட் பெரும்பாலும் பாலியஸ்டர் நூலாகிறது. கெட்டி பிளாஸ்டிக் பைப்பாகவும் வாளியாகவும் திரும்பி வருகிறது.

ஏன் பாட்டிலை வாங்குகிறார், கவரை வேண்டாம் என்கிறார்? எல்லாம் எடைதான். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருபது கிராமுக்கு மேல் இருக்கும். ஐம்பது பாட்டில் சேர்வதற்குள் ஒரு கிலோ வந்துவிடும். அரை லிட்டர் பால் கவர் மூன்று கிராம் அளவுதான். ஒரு கிலோவுக்கு முந்நூறுக்கு மேல் சேர்க்க வேண்டும். ஆனாலும் பால் கவரைப் பல கடைகளில் வாங்குகிறார்கள். ஏனென்றால் அது ஒரே வகை பிளாஸ்டிக், கனமாக இருக்கும், கழுவினால் சுத்தமாகிவிடும். கடையில் தரும் மெல்லிய கேரி பேக்கில் இந்த மூன்று குணமும் கிடையாது. ஒரு நாள் முழுக்கப் பொறுக்கினாலும் கூலி கட்டாது. குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஒருவர் தெருவில் கிடக்கும் பாட்டிலைக் குனிந்து எடுப்பார், கவரைத் தாண்டிப் போவார். கடலின் கதை அந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

மறைந்திருக்கும் செலவுகளையும் பார்ப்போம். கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புதுப் பிளாஸ்டிக் மலிவாகும். உடனே பழைய பிளாஸ்டிக்கின் விலை விழும், நேற்று வாங்கிய வகையை இன்று வேண்டாம் என்பார்கள். அடுத்து, பிரித்தபின் மிஞ்சும் கழிவு. சில இடங்களில் அதைக் கடைக்குப் பின்னால் கொளுத்துகிறார்கள், செம்புக்காக ஒயரையும் எரிக்கிறார்கள். ஒயரின் மேலுறை பிவிசி. அது எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வெளிவரும். மூன்றாவது, பட்டறையில் துண்டுகளைக் கழுவும் தண்ணீர். வடிகட்டாமல் சாக்கடையில் விட்டால் அதிலேயே நுண்பிளாஸ்டிக் போகும். உருக்கும் ஒவ்வொரு முறையும் பிளாஸ்டிக்கின் தரமும் குறையும் என்பதால் மறுசுழற்சி முடிவில்லாமல் சுழல்வதும் இல்லை.

அதனால் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். "கழிச்சதை என்னண்ணே பண்றீங்க?" என்றும் கேளுங்கள். கார்ப்பரேஷன் வண்டியில் போடுகிறேன் என்பவர் எரிப்பவரைவிட நல்லவர். இதற்காகக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைந்தாலும் பரவாயில்லை.

கெட்டி பிளாஸ்டிக் சேருகிற எந்த வீட்டுக்கும் இது பொருந்தும். வீட்டுவேலைக்கு வரும் அக்காவிடமோ, தள்ளுவண்டியில் வருபவரிடமோ இலவசமாகக் கொடுத்தாலும் பொருள் அதே வழியில்தான் போகும், காசு மட்டும் அவர்களுக்குக் கிடைக்கும்.

## கார்ப்பரேஷன் வண்டி

இதன் பலம், எதையும் வேண்டாம் என்று சொல்லாமல் எடுத்துக்கொள்வது. காயலான் கடை ஒதுக்கிய கவர், சாஷே, தெர்மாகோல் எல்லாம் தெருவிலும் கால்வாயிலும் விழாமல் ஓரிடத்துக்குப் போக நம்மிடம் இருக்கும் ஒரே பொது வழி இதுதான். இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறில்லை.

முதல் கேள்வியில்தான் தடுமாறுகிறது. மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காததற்கு நீலம் என்று தொட்டி இருந்தாலும், நாம் கலந்து போட்டால் அங்கே பிரிக்க முடியாது. சாம்பாரில் நனைந்த கவரும் காய்கறித் தோலும் சேர்ந்து அமுக்கு லாரிக்குள் அழுத்தப்பட்ட பிறகு, அதில் இருக்கும் நல்ல பாட்டில்கூட வீணாகிவிடும். பிரித்துக் கொடுத்தும் சில தெருக்களில் வண்டியிலேயே கலந்துவிடுவது உண்டு. அப்படி நடந்தால், காலையில் வரும் தூய்மைப் பணியாளரிடம் சண்டை போடுவதில் பயன் இல்லை. வண்டியில் அறைகள் போதாமல் இருக்கலாம், மேற்பார்வையாளர் சொன்னபடி அவர் செய்துகொண்டிருக்கலாம். வார்டு அலுவலகத்தில் சொல்லுங்கள், கவுன்சிலரிடம் சொல்லுங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் உட்கார்ந்து போராடியவர்கள் இந்தத் தூய்மைப் பணியாளர்கள்தான். நம் குப்பையைக் கையால் பிரிப்பவர்களின் சம்பளமும் பாதுகாப்பும் உறுதியாக இல்லாமல், குப்பை மட்டும் ஒழுங்காகப் பிரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

வண்டியில் வரும் பாட்டில், அட்டை, பால் கவர் ஆகியவற்றை ஒதுக்கி விற்பதில் தூய்மைப் பணியாளருக்கும் கொஞ்சம் வருமானம் உண்டு. காயலான் கடைக்கு நடக்க உங்களுக்கு நேரமில்லை என்றால், பாட்டில்களைத் தனிப் பையில் கட்டி அவர் கையில் கொடுங்கள். போய்ச் சேருகிற இடம் அதேதான்.

கடைசியில் எங்கே போகிறது? வட சென்னைக் குப்பையின் முடிவிடம் 1980-களில் இருந்து கொடுங்கையூர்தான். 250 ஏக்கருக்கும் மேல் பரந்த மேடு. இப்போது அதைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை நடக்கிறது. உள்ளிருந்து மண் ஒருபக்கம் வருகிறது, கவரும் கந்தல் துணியும் இன்னொரு பக்கம் வருகின்றன. அவை சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளாகப் போகின்றன. நம் அம்மா அப்பா காலத்துக் கவர் இன்னும் கவராகவே இருக்கிறது. கோடையில் மேடு பற்றி எரிந்தால் புகை வியாசர்பாடி வரை வரும். குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையும் அங்கே வரப்போகிறது என்றதும் 2025-இல் வட சென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்த்தார்கள். ஏற்கெனவே அனல்மின் நிலையமும் மணலித் தொழிற்சாலைகளும் சூழ்ந்த பகுதி இது. அவர்கள் பயம் எனக்கும் உண்டு.

வண்டியில் போடும் கவருக்கு இதுதான் மறைந்திருக்கும் செலவு. அந்தப் புகையைச் சுவாசிப்பவர்கள் நம் பக்கத்துத் தெருக்காரர்கள்.

## தனியார் சேகரிப்பு

ஆப் வழியாகவோ போன் வழியாகவோ வந்து எடுத்துக்கொண்டு போகிறவர்கள். இந்த வகையில் நல்ல அமைப்புகளும் உண்டு, பாட்டிலையும் அட்டையையும் மட்டும் பொறுக்கிக்கொள்ளும் வியாபாரிகளும் உண்டு. இரண்டாவது வகையென்றால் அது சட்டை மாற்றிய காயலான் கடைதான். தனி நன்மை எதுவும் கிடையாது.

தனி வீட்டுக்கு இது பொதுவாகச் சரிப்படாது. குறைந்தது இத்தனை கிலோ இருந்தால்தான் வருவோம் என்பார்கள். சிறு சந்துக்குள் வண்டி நுழையாது. அவ்வளவு எடை சேரும்வரை வைத்திருக்க இடமும் இல்லை. பெரம்பூர், மாதவரம் பக்கம் முப்பது நாற்பது வீடுகள் உள்ள அடுக்குமாடி, ஒரு பள்ளி, ஒரு கல்யாண மண்டபம் போன்ற இடங்களுக்கு இதுவே நல்ல தேர்வு. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை உண்டாக்குகிறவர்களுக்கு திடக்கழிவு விதிகள் தனிப் பொறுப்பையே வைத்திருக்கின்றன.

ஒப்பந்தம் போடும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். விலை போகாத கவரையும் எடுத்துக்கொள்வார்களா, அதை எங்கே அனுப்புகிறார்கள், எடைச் சீட்டு தருவார்களா. "எல்லாமே மறுசுழற்சி ஆகிறது" என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மெல்லிய கவர் சிமெண்ட் ஆலைக்கோ தார்ச்சாலைக்கோ போகிறது என்று சொல்பவரை நம்பலாம். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கிய முறையில், சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் துகளைப் பூசித் தாருடன் கலக்கிறார்கள். அதற்காக அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கழிவு கால்வாயில் விழாமல் இருக்க அது ஒரு வழி. அது மறுபடி பிளாஸ்டிக்காகத் திரும்பி வராது என்பதையும் தெரிந்துகொண்டே ஏற்கலாம்.

## எது எங்கே: ஒரே பார்வையில்

| பொருள் | முதல் தேர்வு | இல்லாவிட்டால் | கவனிக்க |
|---|---|---|---|
| தண்ணீர், கூல் டிரிங்ஸ் பாட்டில் | காயலான் கடை | தனிப் பையில் தூய்மைப் பணியாளரிடம் | நசுக்கி வைத்தால் இடம் மிச்சம் |
| ஷாம்பு, பினாயில் பாட்டில், வாளி, குடம் | காயலான் கடை | தனியார் சேகரிப்பு | உள்ளே மிச்சம் இருக்கக் கூடாது |
| பால், தயிர் கவர் | காயலான் கடை | நீலத் தொட்டி | முனை தனித் துண்டாக விழாதபடி வெட்டுங்கள் |
| கேரி பேக், மளிகைக் கவர் | நீலத் தொட்டி | எழுத்தில் உறுதி தரும் தனியார் | உலர்ந்து, ஒரே பையில் திணித்து |
| சிப்ஸ், பிஸ்கெட் உறை, சாஷே | நீலத் தொட்டி | எழுத்தில் உறுதி தரும் தனியார் | வாங்குவதைக் குறைப்பதே வழி |
| தெர்மாகோல் | நீலத் தொட்டி | பெரிய துண்டைக் கொடுத்தவரிடமே திருப்புங்கள் | உடைக்காதீர்கள் |
| எண்ணெய்ப் பிசுக்குள்ள பார்சல் கவர் | துடைத்து நீலத் தொட்டி | வேறு வழி இல்லை | பாத்திரம் கொண்டுபோங்கள் |
| பழைய வலை, கயிறு | எடைக்கு வாங்கும் வியாபாரி | வீட்டிலேயே பயன்பாடு | கடலிலோ கரையிலோ விடக் கூடாது |

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் தெருவில், பிளாஸ்டிக் கழுவத் தனியாகத் தண்ணீர் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. பாத்திரம் அலசிய கடைசித் தண்ணீரில் பால் கவரை முக்கி எடுத்து, வெயிலில் கொடியில் மாட்டினால் போதும். சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டியதில்லை. நாற்றமும் ஈரமும் இல்லாமல் இருப்பதே நோக்கம்.

## வலைக்குத் தனிக் கவனம்

காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பங்கள், எண்ணூர் பக்கம் இருக்கும் வீடுகளுக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். பசிபிக் பெருங்கடலின் பெரிய குப்பைத் திட்டை அளந்த 2018-ஆம் ஆண்டு ஆய்வில், எடைக் கணக்கில் 46 சதவீதம் மீன்பிடி வலைகளாக இருந்தது தெரியவந்தது. கைவிட்ட வலை சும்மா கிடப்பதில்லை. அதுபாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டே இருக்கும், பிடித்த மீன் உள்ளேயே அழுகும். ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட நம் கரைக்கு வரும் பங்குனி ஆமையும் அதில் மாட்டும்.

நல்ல செய்தி என்னவென்றால், நைலான் வலைக்கு எடை உண்டு, விலையும் உண்டு. உருக்கி மறுபடி நூலாக்க முடியும். பொத்தல் அடைத்து அடைத்து ஓய்ந்துபோன வலையை மண்ணில் புதைப்பதையும், படகிலேயே அறுத்துத் தண்ணீரில் விடுவதையும் நிறுத்தினாலே போதும். வலையையும் கயிற்றையும் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தால் விலை கூடும், ஏனென்றால் நைலான் வலையும் கயிறும் பெரும்பாலும் வேறுவேறு வகை. கேரளத்தில் கொல்லம் அருகே நீண்டகரை, சக்திகுளங்கரையில் 2017-இல் மீனவர்களே வலையில் மாட்டிய பிளாஸ்டிக்கைக் கரைக்குக் கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினார்கள். அதைத் துண்டாக்கிச் சாலைக்கு அனுப்பினார்கள். வலையோடு ஏறிய கவரை மறுபடி கடலில் உதறாமல் ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவர நம் படகுகளிலும் இடம் இருக்கிறது. துறைமுகத்தில் அதை வாங்கிக்கொள்ள நிரந்தரமாக ஒரு தொட்டியும் ஆளும் இருக்க வேண்டும். இதைச் சங்கங்கள் கேட்டுப் பெற வேண்டும்.

## தேர்வே ஆகாத இரண்டு

மாடியிலோ காலி மனையிலோ எரிப்பதை விட்டுவிடுங்கள். குளிர்கால விடியலில் புகை மேலே போகாது, தெருவிலேயே தங்கும். குழந்தைகளும் இழுப்பு உள்ளவர்களும்தான் முதலில் இருமுவார்கள்.

இன்னொன்று, 'மக்கும் பிளாஸ்டிக்' என்று விற்கும் பை. இவற்றில் பல, சுமார் 60 டிகிரி வெப்பம் காக்கும் உர ஆலையில்தான் ஒழுங்காக மக்கும். கால்வாயிலும் கடலிலும் அந்தச் சூடு கிடைக்காது. சாதாரணக் கவரோடு கலந்தால் மறுசுழற்சிக்கான சரக்கையும் கெடுக்கும். துணி போலத் தெரியும் நெய்யாத பைகளும் பாலிப்ரோப்பிலீன் பிளாஸ்டிக்தான். 2019 ஜனவரி 1-இல் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த தடைப் பட்டியலில் அவையும் இடம்பெற்றன.

## மூன்று இடத்திலும் வழி இல்லாத உறை

சிப்ஸ் உறையைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளி மாதிரி மின்னும். ஒரு பிளாஸ்டிக் படலம், அதில் அலுமினியப் பூச்சு, மேலே வேறொரு படலம் என ஒட்டியிருக்கும். பிரித்தெடுக்கச் செலவு அதிகம் என்பதால் காயலான் கடை தொடாது. வண்டியில் போட்டால் குப்பைமேட்டுக்கோ சிமெண்ட் ஆலைச் சூளைக்கோ போகும். ஷாம்பு சாஷேயும் இதே கதிதான்.

நாள்கூலி வாங்கும் வீட்டில் முழு பாட்டில் ஷாம்பு வாங்கச் சொல்வது நியாயமில்லை. ஒரு ரூபாய் சாஷே அவர்களுக்கு வசதியாக இருப்பதால்தான் வாங்குகிறார்கள். அதன் பொறுப்பு அதைத் தயாரித்து விற்கும் நிறுவனத்துடையது. தான் சந்தையில் விடும் உறையைத் திரும்பச் சேகரிக்கும் கடமை உற்பத்தியாளருக்கு உண்டு என்று 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் விதிகளும் 2022-இல் வந்த வழிகாட்டுதலும் சொல்கின்றன. அந்தச் சேகரிப்பு வியாசர்பாடி மளிகைக் கடை வாசலுக்கு வரவில்லை என்றால், குடியிருப்போர் சங்கம் எழுதிக் கேட்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம்.

மாதச் சம்பளம் வாங்கும் வீடுகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. பெரிய பாட்டிலாக வாங்க முடியும், அது காயலான் கடைக்கும் போகும். பர்மா நூடுல்ஸான அத்தோவும் பிரியாணியும் பார்சல் வாங்கத் தூக்குவாளி எடுத்துப்போக முடியும். காசிமேட்டில் மீன் வாங்கும்போது கறுப்புக் கவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூடியுள்ள டப்பாவை நீட்ட முடியும். அங்கே மீன் வெட்டித் தரும் அக்காவும் அதையே விரும்புகிறார்கள், கவருக்கு அவர்கள் கைக்காசு போகிறது.